ஏணி ஏறியதை எண்ணிப் பார்த்த பிறகு: ஒரு வீட்டுக் கிறிஸ்துமஸ் விளக்குகள் குறைந்த விதம்

எதற்காக இந்தப் பதிவு

வயரிங் ஒப்பந்த வேலை செய்கிறவன் நான். ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் போன் வரும். "எத்தனை சீரியல் செட் தாங்கும்?", "எல்.இ.டி. ஸ்ட்ரிப் மழைக்கு நிக்குமா?", "பில் எவ்வளவு கூடும்?" எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த விளக்குகளை யார் ஏறிக் கட்டப்போகிறார், ஜனவரியில் யார் ஏறிக் கழற்றப்போகிறார் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் பல வருஷம் கேட்டதில்லை. அதற்கு என் தாய்மாமா ஒரு கையெலும்பை விலையாகக் கொடுத்தார். வயதானவர்கள் இருக்கும் வேறு வீடுகளுக்கு உதவும் என்பதால், அந்த வீட்டில் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

பின்னணி: 1997 முதல் 2013 வரை

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் நடுவில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு, முன்னால் பிற்பாடு கட்டிய கான்கிரீட் போர்ட்டிகோ, இரும்பு கேட், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மாமரம். மாமா பள்ளி ஆசிரியர். எதையும் நோட்டில் எழுதி வைப்பார். 1997 டிசம்பரிலிருந்து விளக்குகளுக்கென்றே ஒரு நோட்டு இருக்கிறது. என்ன வாங்கினார், எங்கே கட்டினார், எத்தனை எரியவில்லை, எல்லாம் அதில் உண்டு. இந்தப் பதிவுக்கு அதுதான் முக்கிய ஆதாரம்.

முதல் வருஷத்துப் பக்கத்தில் ஒரே வரி: "நட்சத்திரம் 1, குடில் 1." மூங்கிலைச் சீவி, நூல் சுற்றி, வர்ணத்தாள் ஒட்டி, உள்ளே 60 வாட் பல்பு வைத்து மாமரக் கிளையில் தொங்கவிட்ட நட்சத்திரம். இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலுக்கு வைக்கோல் கூரை. அதைச் சுற்றிப் பச்சைக்காக மாமி மூன்று வாரம் முன்பே தட்டில் கேழ்வரகு விதைப்பார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் கூடியது. முதலில் மாமரத்துக்கு ஒரு சீரியல் செட், அடுத்து கேட்டுக்கு, பிறகு இறவாரம் முழுக்க. அந்தக் காலத்து செட் கடையில் ஆயத்தமாகக் கிடைத்தாலும் மாமா தானே செய்வார். 6 வோல்ட் சிறு பல்பு 38 எடுத்து வரிசையாக இணைத்தால் 228 வோல்ட், வீட்டுக் கரண்டுக்குச் சரியாக வரும். ஒன்று போனால் மொத்தமும் அணைந்துவிடும். டெஸ்டரை வைத்து ஒவ்வொரு ஹோல்டராகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எது வரைக்கும் டெஸ்டர் எரிகிறதோ, அதற்கு அடுத்ததுதான் போன பல்பு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமா. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்த மாமரத்தடியும் ஒரு காரணம்.

கையிருப்பில் பல்பு இல்லாத ராத்திரிகளில், போன பல்பைக் கழற்றிவிட்டு வயரை முறுக்கிச் சேர்த்துவிடுவார். அப்போதைக்கு எரியும். ஆனால் எட்டு பல்பை அப்படி எடுத்தால் மிச்சம் 30. ஒவ்வொன்றும் 6 வோல்ட்டுக்குப் பதில் 7.6 வோல்ட்டுக்கு மேல் தாங்க வேண்டிவரும். ரொம்பப் பிரகாசமாக எரிந்து அடுத்தடுத்துப் போகும். டிசம்பர் 20 தாண்டினால் தினமும் சாயங்காலம் யாராவது ஒருவர் ஏணியில் இருப்பார்கள்.

2004-ஆம் ஆண்டுப் பக்கத்தில் டிசம்பர் 25-க்குப் பிறகு ஒன்றும் எழுதியிருக்காது. மறுநாள் காலை சுனாமி. குளச்சல் பக்கத்து உறவினர்கள் அன்று மதியமே இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா மெயினிலிருந்தே விளக்குகளைத் துண்டித்துவிட்டார். அந்தத் தடவை பிப்ரவரி வரை யாரும் எதையும் கழற்றவில்லை.

2013-இல் இது உச்சத்துக்கு வந்தது. நோட்டின்படி 22 சீரியல் செட், மதில் மேல் 40 ஜீரோ வாட் பல்பு, ஐந்து நட்சத்திரம், வீட்டு முகப்புக்கு ஒரு 500 வாட் ஹாலோஜன். ஜீரோ வாட் என்ற பெயரை நம்பக்கூடாது, ஒவ்வொன்றும் 15 வாட் அளவுக்கு இழுக்கும். கூட்டிப் பார்த்தால் 1,900 வாட் வருகிறது. ராத்திரிக்கு ஆறு மணி நேரம், டிசம்பர் 13 முதல் மூன்று அரசர்கள் திருநாளான ஜனவரி 6 வரை 25 நாள் என்றால் சுமார் 285 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளுக்கான கட்டணமும் கூடிவிடும். அந்தத் தடவை அதுதான் நடந்தது.

2014: கேட்டில் கரண்ட்

டிசம்பர் 21 ராத்திரி. நல்ல மழை பெய்து விட்டிருந்தது. அன்பியத்து, அதாவது கோயிலின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவின், பிள்ளைகள் கேரல் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்த பையன் செருப்பில்லாமல் நின்று கேட்டைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா ஓடிப்போய் மெயினை அணைத்தார். அன்று ராத்திரி வீடு இருட்டாகவே இருந்தது.

காலையில் நான் போய்ப் பார்த்தேன். கேட்டின் மேல்கம்பியோடு செட்டைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். காற்றில் ஆடி ஆடி அந்தக் கம்பி வயரின் மேல்தோலை அறுத்து, உள்ளே செம்பைத் தொட்டுவிட்டது. கேட்டுக்கு எர்த் இல்லை. மழையில் நனைந்த இரும்பு, ஈரத் தரை, வெறுங்கால். காய்ந்த தரையாக இருந்தால் யாருக்கும் தெரியாமலே இன்னும் பத்து நாள் கேட்டில் கரண்ட் இருந்திருக்கும்.

வெளி விளக்குகளுக்குத் தனி லைன் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தேன். கசிவு அந்த அளவைத் தாண்டினால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அடுத்த மழைக்கு ஒரே ராத்திரியில் நாலு தடவை டிரிப் ஆனது. மாமாவுக்குக் கோபம்: "ஒனக்க சாதனம் சரியில்ல மக்களே." சாதனம் சரியாகத்தான் இருந்தது. இருபதுக்கு மேற்பட்ட வெளி இணைப்புகளில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது எல்லாம் சேர்ந்து அளவைத் தாண்டியது. அவ்வளவு இணைப்பையும் மழையிலிருந்து காப்பாற்ற முடியாது என்பதைத்தான் அது சொன்னது.

அந்த வருஷமே ஒரு முடிவு எடுத்தோம். இரும்பு எதிலும் விளக்கு கிடையாது, கட்டுக்கம்பி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது, கட்டுவதெல்லாம் நைலான் நூல்தான். கேட்டும் மதிலும் காலியாயின. முதல் குறைப்பு இதுதான். பயத்தால் செய்தோம், சரியாகவும் செய்தோம். ஆனால் அங்கிருந்து எடுத்த செட்டுகள் எல்லாம் மாமரத்துக்கும் இறவாரத்துக்கும், அதாவது இன்னும் உயரத்துக்குப் போய்விட்டன. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

2016: எல்.இ.டி. வந்து வேலை கூடியது

மாமா அந்த வருஷம் ஓய்வு பெற்றார். கையில் நேரம் இருந்தது. நான் எல்.இ.டி.க்கு மாறச் சொன்னேன். நட்சத்திரத்துக்கு 60 வாட்டுக்குப் பதில் 9 வாட், ஹாலோஜனுக்குப் பதில் 30 வாட், பழைய சீரியல் செட் 23 வாட் இழுத்த இடத்தில் புதியது 5 வாட். ஜீரோ வாட் பல்புகளை மொத்தமாக எடுத்தாயிற்று. எளிமையாக்குகிறோம் என்றுதான் இரண்டு பேரும் நம்பினோம்.

நடந்தது வேறு. செட் மலிவு, கரண்ட் செலவும் தெரியவில்லை. அதே ஆண்டுதான் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாயிற்று. 22 செட் 40 ஆனது. ஐந்து நட்சத்திரம் ஏழானது. 25 மீட்டர் ஸ்ட்ரிப் புதிதாக வந்தது. மொத்தம் 413 வாட், சீசன் முழுக்க சுமார் 62 யூனிட். பழைய கணக்கில் கால் பங்குகூட இல்லை. பில்லை வைத்துப் பார்த்தால் பெரிய வெற்றி.

ஆனால் நோட்டில் இன்னொரு கணக்கு இருந்தது. 2013-இல் விளக்குக் கட்ட நாலு சாயங்காலம் ஆகியிருக்கிறது. 2016-இல் ஒன்பது. பழைய செட்டில் போன பல்பை மாற்றலாம். புதியதில் பல்பு வயரோடு பற்றவைக்கப்பட்டு வரும். ஒரு பகுதி அணைந்தால் முழு செட்டையும் இறக்கி வேறொன்று கட்ட வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் அந்த மெல்லிய வயர் இரண்டு சீசன் தாங்கினால் அதிசயம். போனவற்றை மாமா எறியவும் மாட்டார், "செம்பு இருக்கும்லா" என்று சாக்கில் கட்டி வைப்பார். தட்டுப்பலகையில் சாக்கு ஒன்று இரண்டாகி, மூன்றாகியது.

கட்டும்போது ஊரே உதவிக்கு வரும். மாமி முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சுடும் நாள்கள் அவை. பையன்கள் ஏணியைப் பிடிப்பார்கள், டீ குடிப்பார்கள், பாட்டு ஓடும். ஜனவரி 6 தாண்டினால் அதே பையன்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்விடுவார்கள். நாற்பது செட்டையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, சிக்கெடுத்து, தென்னை மட்டைத் துண்டில் சுற்றி வைப்பது மாமா ஒருவர்தான். பொங்கல் வரைக்கும் அந்த வேலை ஓடும். அதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

2017: ஒக்கி

நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ரப்பரும் வாழையும் தென்னையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. மாமரமும் வேரோடு போயிற்று. மின்கம்பங்கள் விழுந்து எங்கள் ஊருக்குக் கரண்ட் வர 13 நாள் ஆயிற்று. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. கடற்கரை ஊர்களில் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் துக்கமாகவே போனது.

மாமா ஒரே ஒரு நட்சத்திரத்தைப் போர்ட்டிகோவில் கட்டினார். குடில் வைத்தார். அவ்வளவுதான். கேரல் பிள்ளைகள் வந்தார்கள், காணாமல் போனவர்களுக்காகச் செபித்தார்கள், வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். மாமி முதல் தடவையாக அவர்களோடு கடைசி வரை உட்கார்ந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. எப்போதும் இப்படியே செய்யலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. துக்கத்துக்காக ஒரு வருஷம் நிறுத்தியதாகவே நினைத்தோம்.

ஜனவரி 2019: விழுந்தது

2018 கிறிஸ்துமஸுக்கு வளைகுடாவில் வேலை செய்யும் மகன், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் குடும்பத்தோடு வந்தான். மாமா எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார், கொஞ்சம் அதிகமாகவே. மாமரம் இல்லாததால் அதன் பங்கும் இறவாரத்துக்கே வந்தது.

ஜனவரி 9 சாயங்காலம். மகன் வளைகுடாவுக்குத் திரும்பி மூன்று நாள். மாமா தனியாகக் கழற்றிக்கொண்டிருந்தார். மூங்கில் ஏணி. கடைசி இரண்டு முடிச்சு ஒரு கை தூரத்தில் இருந்தன. இறங்கி ஏணியை நகர்த்தி மறுபடி ஏறுவதற்குப் பதில் பக்கவாட்டில் எட்டினார். ஏணி சரிந்தது. ஏழெட்டு அடி உயரம். வலது மணிக்கட்டு முறிந்தது. மாமி அடுக்களையில் இருந்ததால் சத்தம் கேட்கவில்லை. பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக் கூப்பிட்டார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. விரல் முழுதாக மடங்க மே மாதம் ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 60.

நான் கேட்டபோது அவர் சொன்னது இது: "முப்பது தடவ ஏறி எறங்கியாச்சு மக்களே. முப்பத்தொண்ணாவது தடவ எறங்க மனசு வரல்ல." இந்த ஒரு வாக்கியத்தை நான் அப்போதே சரியாகக் கேட்டிருந்தால் அடுத்த தவறு நடந்திருக்காது.

2019 டிசம்பர்: எண்ணிப் பார்த்தது, நான் செய்த தவறு

அந்த வருஷம் ஏறும் வேலை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். மாமா கீழே நாற்காலியில். எனக்கு அவர் சொன்ன முப்பது மனசில் இருந்ததால், ஒவ்வொரு தடவை ஏணியில் கால் வைக்கும்போதும் போர்ட்டிகோ தூணில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். கட்டி முடிக்கும்போது 71 கோடு. நடுவில் அணைந்ததைச் சரிபார்க்க ஏறியது வேறு. ஜனவரியில் கழற்றும்போது 58. எனக்கு அப்போது 38 வயது, முழங்கால் இரண்டு நாள் வலித்தது.

எந்தப் பொருளுக்கு எத்தனை ஏற்றம் என்றும் பிரித்து எழுதினேன். இறவாரத்து வரிசைக்கு மட்டும் 44. ஏழு நட்சத்திரத்துக்கு 19. போர்ட்டிகோ விளிம்பு ஸ்ட்ரிப்புக்கு 8. குடிலுக்கு ஒன்றும் இல்லை. அதுவரை நாங்கள் வாட்டை எண்ணினோம், யூனிட்டை எண்ணினோம், செட்டை எண்ணினோம், ரூபாயை எண்ணினோம். மாமாவின் மேல் விழுந்த பாரம் எதுவும் அந்தக் கணக்குகளில் வரவில்லை. அது முழுக்க இந்தச் சாக்குக்கட்டிக் கோடுகளில் இருந்தது.

இது புரிந்த வேகத்தில் ஒரு காரியம் செய்தேன். ஜனவரி கடைசி ஞாயிறு, மாமா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்த நேரம், இறவாரத்தில் இருந்த கொக்கிகளை முழுக்கப் பிடுங்கிவிட்டேன். இனி யாரும் ஏற முடியாது என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. 1997-இலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் எழுதிய நோட்டில் 2019-ஆம் ஆண்டுக்கான பக்கம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெற்றிடம்.

இருபது வருஷத்துக்கு மேல் அவர் கையால் அடித்த கொக்கிகள் அவை. ஆபத்தை நான் சரியாகத்தான் கணித்தேன். ஆனால் அவற்றை எடுக்கும் உரிமை எனக்கு இல்லை.

2020: சேர்ந்து எடுத்த முடிவு

கொரோனா வருஷம். மகளும் பேரனும் சென்னையிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். அக்டோபரில் ஒரு நாள் மாமிதான் பேச்சை எடுத்தார். மாமா, "வெளக்கு இல்லாத்த வீடு செத்த வீடு மாதிரி இருக்கும்" என்றார். மாமி சொன்னது: "நீங்க இத்தன வருஷம் கெட்டினீங்க. நான் ஒரு வருஷமாவது ரோட்டுல போய் நின்னு பாத்திருக்கேனா? வந்தவங்களுக்கு டீ போட்டே எனக்கு டிசம்பர் போச்சு."

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா, "பாக்கவே இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் எது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாக இருக்காது என்று ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டோம். மகள் நட்சத்திரம் என்றாள். போனில் கேட்டபோது மகன் குடிலில் வளரும் கேழ்வரகுப் பச்சை என்றான். மாமிக்கும் குடில். மாமா மட்டும் இறவாரம் என்றார். அவர் அப்படிச் சொன்னது நல்லதாயிற்று. மற்றவர்கள் சொன்னதற்குச் சரி என்று தலையாட்டியிருந்தால் உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருப்பார்.

முடிவுகள் இவை. ஏணி வேண்டிய எதுவும் இருக்காது. நட்சத்திரம் ஒன்று, குடில் ஒன்று. இறவாரத்து வரிசை மேலே இல்லாமல், வராந்தாவின் மரக் கைப்பிடி நெடுக, நெஞ்சு உயரத்தில் ஓடும். அதற்கு இரண்டு செட் போதும். எதைக் கட்டினாலும் ஜனவரி 7 அன்று மாமாவும் மாமியும் மட்டும் ஒரே சாயங்காலத்தில் கழற்றிவிடக் கூடியதாக இருக்க வேண்டும்.

நட்சத்திரம்தான் சிக்கல். உயரத்தில் தொங்கினால்தான் அது நட்சத்திரம். வழி சொன்னவர் மாமா. மோட்டார் போட்ட பிறகு சும்மா கிடந்த கிணற்றுக் கப்பியைக் கழற்றி எடுத்து வந்தார். துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டு, போர்ட்டிகோ உத்தரத்தில் இருந்த பழைய மின்விசிறிக் கொக்கியில் நான் நிரந்தரமாக மாட்டினேன். கயிற்றின் ஒரு முனையில் நட்சத்திரம், மறுமுனை தூணில் கையெட்டும் உயரத்தில் ஒரு கட்டையில். கிணற்றில் வாளியை இழுப்பதுபோல் நட்சத்திரத்தைக் கீழே நின்றே ஏற்றி இறக்கலாம். மின்வயர் கயிற்றோடு அடிக்கு ஒரு டை போட்டுக் கட்டியிருக்கிறது. ஆனால் கயிறு தொய்வில்லாமல், வயர் மட்டும் கொஞ்சம் தொய்வாக இருக்க வேண்டும். எடை முழுவதையும் கயிறுதான் தாங்க வேண்டும், வயர் ஒருபோதும் தாங்கக் கூடாது. பிளக் போர்ட்டிகோவுக்குள், மழை படாத இடத்தில். ஆர்.சி.சி.பி. அப்படியே இருக்கிறது.

நட்சத்திரத்தை மாமாவும் பேரனும் செய்தார்கள். மூங்கில் சீவியது மாமா. மணிக்கட்டு முழுதாகத் திரும்பாததால் கத்தியை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டார். தாளுக்குப் பதில் கண்ணாடி பிளாஸ்டிக் தாள், மழைக்காக.

சாக்குகளை இறக்கினோம். நாலு சாக்கில் எரியாத செட்டுகள். ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போயின. நன்றாக இருந்த 14 செட்டை மெக்கர் என்ற மின்கசிவு பார்க்கும் கருவியை வைத்துச் சோதித்து, பங்குக் கோயில் இளைஞர்களுக்குக் கொடுத்தோம்.

பிறகு நடந்தவை: 2020 முதல் 2024 வரை

முதல் ராத்திரி கப்பியை இழுத்து நட்சத்திரத்தை ஏற்றியது மாமி. ஏற்றிக் கயிற்றைக் கட்டிவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டைத் திறந்து ரோட்டுக்குப் போய் நின்றார். மாமாவும் பின்னால் போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன்.

கட்ட இரண்டு மணி நேரம், கழற்ற ஒரு மணி நேரம் ஆகிறது. நட்சத்திரம் 9 வாட், குடிலுக்கு 5 மீட்டர் ஸ்ட்ரிப் 24 வாட், கைப்பிடி வரிசை 10 வாட். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 6 வரை எரித்தாலும் 10 யூனிட்டுக்குள். ஏணி ஐந்து வருஷமாக மாட்டுக்கொட்டிலில் கிடக்கிறது. ஆர்.சி.சி.பி. ஒரே தடவை டிரிப் ஆனது. பிளக் பெட்டிக்குள் பல்லி.

குறைகளும் உண்டு. 2022-இல் காற்றுக்கு நட்சத்திரம் சுழன்று சுழன்று வயரை முறுக்கிவிட்டது. அதன் பிறகு இரண்டு பக்கமும் மெல்லிய இழுகயிறு கட்டினோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிய பெருமழை வந்தபோது மாமா நட்சத்திரத்தை அரை நிமிடத்தில் இறக்கி உள்ளே வைத்துவிட்டார். பழைய நாளில் இறவாரத்தில் இருந்தவை நனைந்துகொண்டே இருந்திருக்கும்.

மாமாவுக்கு வருத்தம் முழுதாகப் போகவில்லை, அதை மறைத்து எழுதினால் சரியாகாது. 2021-இல் ஒரு கேரல் பையன், "தாத்தா, இந்த வருஷம் லைட் இல்லியா?" என்று கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். டிசம்பரில் சில ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுத்த தெரு வீட்டு விளக்குகளைப் பார்க்கப் போவார். ஆனால் 2022-இலிருந்து பங்குக் கோயில் குடிலுக்கு வயரிங் செய்யும் பையன்கள் அவரை வந்து கூட்டிப் போகிறார்கள். அவருக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. கட்டுக்கம்பி எடுத்த பையனை எழுப்பி நிறுத்தி, 2014-இல் நடந்ததைச் சொல்கிறார்.

இன்றைக்கென்றால் எப்படிச் செய்வேன்

2014-இல் கேட்டிலிருந்து இறக்கிய செட்டுகளை அன்றே வீட்டைவிட்டு அனுப்பியிருப்பேன். ஒரு இடத்தில் ஆபத்து என்று எடுத்ததை இன்னும் உயரமான இடத்துக்குப் போகவிட்டது என் கவனக்குறைவு. எல்.இ.டி. மாற்றச் சொன்னபோதே, எண்ணிக்கை கூடக்கூடாது என்பதையும் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். மலிவான பொருள் வீட்டுக்குள் வந்தால் அதிகமாகத்தான் வரும்.

சாக்குக்கட்டிக் கோட்டை ஐந்து வருஷம் முன்பே போட்டிருக்கலாம். அதற்கு ஒரு செலவும் இல்லை. இப்போது வேலைக்குப் போகும் வீடுகளில் முதலில் இதைத்தான் கேட்கிறேன்: போன வருஷம் கழற்றியது யார், அவருக்கு என்ன வயது, எத்தனை தடவை ஏறினார், கீழே யார் பிடித்தார்கள். பெரும்பாலும் பதில் சொல்வது வீட்டுப் பெண்கள்தான். கட்டியவருக்கு நினைவிருப்பதில்லை.

கொக்கிகளை மட்டும் இன்னொரு தடவை வாய்த்தால் தொடமாட்டேன். மாமி அக்டோபரில் பேசியதை நான் ஜனவரியில் மாமாவிடம் பேசியிருந்தால், அவரே ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். 2023 கிறிஸ்துமஸ் அன்று அந்த வெற்றுப் பக்கத்தை அவரிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில், "71, 58. மருமகன் எண்ணியது" என்று எழுதினார்.

பேரனுக்கு இப்போது 12 வயது. இறவாரத்தில் ஒரு வரிசை போடலாம் என்று போன டிசம்பரில் கேட்டான். ஏணியை எடுக்காமல் அதை எப்படிச் செய்வது என்று தாத்தாவும் பேரனும் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு கப்பி வேண்டுமாம். அதற்கு முன்னால் பழைய கப்பியின் கயிற்றை மாற்ற வேண்டும். வெயில்பட்டு ஒரு பக்கம் நார் பிரிய ஆரம்பித்திருக்கிறது.